வார்சினி கடைக் கூரையில் ஊர்க்கணக்கு

தலைவரின் முகம் கீழே பார்க்கும்படி வார்சினி அந்தப் பேனரைக் கூரையில் போட்டது மரியாதைக்காகத்தான். பிற்பாடு இதை அவள் எத்தனையோ பேரிடம் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது. நம்பியவர்கள் குறைவு. நான் நம்புகிறேன். அவள் கடைக்கு நேர் எதிரே பஞ்சர் ஒட்டுகிறவன் நான். அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்தான். "முகம் மேல பாத்தா புறா எச்சம் விழும். ஊர்த்தலைவர் முகத்துல எச்சம் விழலாமா?" என்று சொல்லித்தான் அவள் அதைத் திருப்பிப் போட்டாள்.

ஜாவாவில் இருக்கிற எங்கள் சும்பர்மானிஸில் வார்சினியைத் தெரியாதவர்கள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் புகையிலைக் கிடங்கில் இலை தரம் பிரிக்கும் வேலை பார்த்தாள். ஒரு இலையைத் தொட்டாலே எந்த மேட்டில் விளைந்தது என்று சொல்லிவிடுவாள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். சரிபார்க்க யாருக்கும் வழியில்லை. கணவன் சமீரான் மணல் லாரி ஓட்டுகிறான். ஊருக்கு எப்போதாவது வருவான், வந்தால் தூங்குவான். கிடங்கு மூடியதும் அவள் ரைஸ் மில்லுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை போட்டாள். கடலைச் சாந்து ஊற்றிய பெசெல் கீரை, சோயாவைப் புளிக்கவைத்துப் பொரித்த தெம்பே, காபி. நாலு மூங்கில் கால், ஒரு கூரை, இரண்டு பெஞ்சு. அதுதான் கடை.

அவளைப் பற்றி முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கோபம் வந்தால் அவள் சத்தம் போடமாட்டாள். பேச்சில் மரியாதை கூடும். சாதாரண நாளில் "வாங்க" என்பாள். எரிச்சலாக இருந்தால் "வரணும்" என்பாள். ரத்தம் கொதித்துவிட்டால் "எழுந்தருளணும்" வரைக்கும் போய்விடுவாள். காபியைக் கடனாகக் குடித்துவிட்டு நழுவப் பார்த்த ஒருவனை அவள் ஒருமுறை "திருவடி எந்தப் பக்கம் போகுதுங்க" என்று கேட்டாள். அவன் அப்புறம் மில் பக்கமே வரவில்லை.

பேனர் கதைக்கு வருவோம். அந்த வருஷம் ஊருக்கு எவ்வளவு நிதி வந்தது, எதற்கு எவ்வளவு செலவு என்று பெரிதாக அச்சடித்து ஒவ்வொரு கிராமமும் ஆபீஸ் வாசலில் கட்ட வேண்டும் என்பது அரசு உத்தரவு. எங்கள் ஊரிலும் கட்டினார்கள். கொடிக்கம்பத்துக்குப் பின்னால், நாட்டுவாதுமை மரத்தடியில். இலை மறைத்தது போக மிச்சம் தெரிந்தது தலைவர் பாக் குனார்சோவின் புன்னகை மட்டும்தான். ஒரு வருஷம் முழுக்க அது அங்கே தொங்கியது. ஒரு ஆள்கூட நின்று படித்ததை நான் பார்க்கவில்லை. நானும் படிக்கவில்லை.

வருஷம் முடிந்தால் புதுப் பேனர் வரும், பழையதற்கு அடிதடி நடக்கும். தேர்தல் பேனரெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது. ஆனால் இந்தக் கணக்குப் பேனர் தடித்த சரக்கு, ஓரத்தில் பித்தளை வளையம் போட்டது. நெல் காயவைக்கலாம், கோழிக்கூண்டை மூடலாம். வார்சினியின் பிளாஸ்டிக் கூரை அந்த வருஷ மழையில் கிழிந்து தொங்கியதால் அவள் நேராகத் தலைவரிடம் போய்க் கேட்டாள். பாக் குனார்சோ அவள் கணவனுக்குப் பெரியம்மா மகன். ஆபீசில் அவளுக்கு அவர் "தலைவரே", வீட்டில் "அண்ணே". "உனக்கு இல்லாததா, எடுத்துட்டுப் போ" என்று அவரே தன் கையால் சுருட்டிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கியும் இருப்பார்.

முதலில் படித்தவன் சலாமுன், வாத்து மேய்ப்பவன். அடைமழை. வாத்துகள் வயலில் கும்மாளமிட்டுக்கொண்டிருந்தன. இவன் பெஞ்சில் மல்லாக்கப் படுத்து, குடித்து முடித்த காபிக் கோப்பையை வயிற்றில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி கிடந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "கசப்பாத்து நடைபாலம், கைப்பிடியோட" என்று வாசித்தான்.

"எங்க?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் கேக்குறேன். தினம் ரெண்டு வேளை வாத்தை அந்த ஆத்துல இறக்கி ஏத்துறேன். பாலம் இருந்தா வாத்துங்களாச்சும் என்கிட்ட சொல்லியிருக்கும்."

அன்றைக்கு மழை விடவில்லை. நாங்களும் விடவில்லை. ஒருவன் ஒரு வரியை வாசிக்க வேண்டும், மற்றவன் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் வாசித்தவன் காபி வாங்கித் தரவேண்டும். தெற்குத் தெரு வாய்க்கால் சுவர்? இருக்கிறது, நான் அதில்தான் முழங்காலை உடைத்துக்கொண்டேன். குழந்தைகள் எடை போடும் கொட்டகை? இருக்கிறது, கதவுதான் இல்லை. தெருவிளக்கு? இருக்கிறது, தலைவர் வீட்டுத் தெருவில் நெருக்கமாகவும் மற்ற தெருக்களில் மனதிலும். இப்படியே போனது. இருக்கிற வேலைகளும் நிறைய இருந்தன என்று நான் சொல்லியாக வேண்டும். குனார்சோ ஒரேயடியாக விழுங்குகிற ஆள் இல்லை. சாப்பாட்டில் ருசி பார்ப்பதுபோல அங்கங்கே தொட்டிருந்தார், அவ்வளவுதான்.

வார்சினிக்கு இந்த விளையாட்டு பிடிக்கவில்லை. ஒரு காபிக்கு நாலு பேர் அரைநாள் உட்கார்ந்தால் எந்தக் கடைக்காரிக்குப் பிடிக்கும்? அவள் மேலே பார்க்கவும் இல்லை. வாணலிக்கு முன்னால் நிற்பவளுக்குக் கீழே பார்க்கத்தான் நேரம் இருக்கும்.

ஒருநாள் வாணலிக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. எண்ணெயில் தண்ணீர் சொட்டினால் முகத்தில் தெறிக்கும். அவள் ஸ்டூலில் ஏறி, ஓட்டையில் டேப் ஒட்டினாள். ஒட்டியவள் இறங்கவில்லை. கையைத் தூக்கியபடியே நின்றாள். அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. சிறுதொழில் செய்யும் பெண்கள் பதினைந்து பேருக்கு, ஆளுக்கு ஒரு இரட்டை பர்னர் கேஸ் அடுப்பும் சிலிண்டரும்.

"நான் அந்த அடுப்பைப் பிடிச்சிட்டு ஃபோட்டோ எடுத்திருக்கேன்" என்றாள் மெல்ல.

எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. போன வருஷம் ஊர் மண்டபத்தில் பதினைந்து பெண்களையும் நல்ல துணி கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். நடுவில் ஒரே ஒரு அடுப்புப் பெட்டி. ஒவ்வொருத்தியாகப் போய், பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும். ஃபோட்டோ எடுத்ததும் பெட்டியை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற பெட்டிகள் லாரியில் வந்துகொண்டிருக்கின்றன, வழியில் தாமதம் என்றார்கள். கேட்டபோதெல்லாம் வழியில்தான் இருந்தன.

"மக்காவுக்கு நடந்துபோய்த் திரும்பியிருக்கலாம் அந்த லாரி" என்றான் சலாமுன்.

வார்சினி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். அன்று சாயங்காலம் வாழைப்பழம் பொரித்துத் தட்டில் வைத்து, மேலே துணி போட்டு மூடி, தலைவர் வீட்டுக்குப் போனாள். என்ன நடந்தது என்று பின்னால் அவளே சொன்னாள். குனார்சோ வாசலிலேயே அன்பாகப் பேசினார். லாரி விஷயம் மேலிடத்தில் இருக்கிறது, கூடிய சீக்கிரம் வரும் என்றார். அவர் மனைவி சுதார்மி விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவள். அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள். உள்ளே போன வார்சினி, சமையல்கட்டில் இரண்டு பர்னரிலும் நீலமாக எரிகிற அடுப்பைப் பார்த்தாள். அவள் அணைத்துக்கொண்டு ஃபோட்டோ எடுத்த பெட்டியின் படம் அப்படியே அடுப்பாக உட்கார்ந்திருந்தது. "நல்லா எரியுதுங்களா அண்ணி?" என்று கேட்டாளாம். "தங்கம்" என்றாளாம் சுதார்மி, கள்ளமில்லாமல். அவளுக்கு அது கணவன் வாங்கித் தந்த அடுப்பு.

மறுநாளிலிருந்து வார்சினி ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். காலையில் கடை திறந்ததும் ஸ்டூலில் ஏறி, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துக் கூரையின் அடிப்பக்கத்தைத் துடைப்பாள். வரிவரியாக. எண்ணெய்ப் புகை படிந்து மங்கிப் போயிருந்த எழுத்தெல்லாம் புதுசு மாதிரி பளிச்சிட்டது. ஏன் என்று கேட்டால், "தலைவர் முகத்துல புகை படிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்பாள். முகத்தைத் துடைக்க ஆகும் நேரத்தைவிட மற்றதைத் துடைக்கத்தான் அவளுக்கு அதிக நேரம் ஆனது.

மேற்குக் குடியிருப்பிலிருந்தும் வயலுக்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கழுத்துப் பிடித்துக்கொள்கிறவர்களுக்காக வார்சினி ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டாள். தெம்பே வியாபாரம் நன்றாக நடந்தது. யாராவது ஒரு பெண் வந்து, "அக்கா, தையல் மெஷின் பயிற்சின்னு ஒண்ணு இருக்குன்னாங்களே, எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். வார்சினி கரண்டியை மேலே நீட்டிக் காட்டுவாள். வாயைத் திறக்கமாட்டாள்.

செய்தி போக வேண்டிய இடத்துக்குப் போனது. ஒரு மத்தியானம் பாக் குனார்சோ நீல நிற இரட்டைத் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு தானே வந்தார். நான் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"வார்சினி, கூரை ஒழுகுதுன்னாங்க. இது புதுசு. அதைக் கழட்டிட்டு இதைப் போட்டுக்க."

"தலைவர் எழுந்தருளணும். உக்காரணும். காபி சித்தம் பண்ணட்டுங்களா?"

அவர் முகம் மாறியது. குடும்பத்துக்காரர், அவளுடைய மரியாதையின் அர்த்தம் அவருக்குத் தெரியும்.

"அந்த ஃபோட்டோல நான் குண்டா இருக்கேம்மா. அதான்."

"தங்க முகங்க. உங்க திருக்கையால சுருட்டிக் குடுத்தது. அதைக் கழட்டிட்டா என் மாமியார் வழிச் சனம் என்னை மன்னிக்குமாங்க?"

அவர் மேலே பார்த்தார். அவர் முகம் அவரைப் பார்த்துச் சிரித்தது. தார்ப்பாயை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குக் கொஞ்ச நாளில், மாவட்டத்துத் தணிக்கை அலுவலகத்திலிருந்து எங்கள் ஊருக்கு ஆள் வரப்போவதாகக் கடிதம் வந்தது. எங்களில் யாரும் புகார் எழுதவில்லை. வருஷத்துக்குச் சில ஊர்களை அவர்களே பொறுக்கி எடுப்பார்கள், இந்த வருஷம் எங்களுடையது. வேலைகளை நேரில் பார்ப்பார்களாம். உதவி வாங்கியவர்கள் வீட்டுக்கும் போவார்களாம்.

குனார்சோ சாமர்த்தியசாலி. ஆபீஸ் உதவியாளர் மார்சுகியிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. தணிக்கை அதிகாரி ஒரு வீட்டில் அடுப்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, அடுத்த வீட்டுக்கு நடந்து போவதற்குள், மார்சுகி குறுக்குச் சந்தில் புகுந்து அடுப்பைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பதினைந்து வீடும் பார்க்கமாட்டார்கள், நாலைந்தில் களைத்துப் போவார்கள். இதுதான் திட்டம். ஆபீசுக்குப் பக்கத்தில் இருப்பதால் முதலில் வார்சினி கடை. தணிக்கைக்கு முதல் நாளே குனார்சோ வந்து, குரலைத் தாழ்த்தி, குடும்ப கௌரவம் என்று ஆரம்பித்துக் கெஞ்சினார்.

வார்சினி முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி அண்ணே" என்றாள்.

எனக்கே ஆச்சரியம். "அண்ணே" என்றல்லவா சொல்கிறாள்?

"ஆனா அண்ணே, சும்மா அடுப்பை மட்டும் வச்சா காட்சிக்கு வச்ச மாதிரி இருக்காது? மேல ஏதாவது கொதிச்சிட்டிருந்தாதானே நம்புவாங்க."

குனார்சோ தொடையைத் தட்டினார். எங்கள் வீட்டுக்கு வந்த பெண்களிலேயே மூளை உனக்குத்தான் என்று மெச்சினார். என்ன கொதிக்க வைக்கலாம் என்று அவரே கேட்டார். ராவோன் வைக்கலாம் என்றாள் அவள். கறுப்புக் கொட்டை அரைத்து ஊற்றுகிற மாட்டிறைச்சிக் குழம்பு. பெரிய ஆட்களுக்கு ஏற்றது, வாசனையே பாதி சாட்சி சொல்லும். இறைச்சிக்கும் எலும்புக்கும் அவர் தன் பையிலிருந்தே பணம் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் சுதார்மியின் சமையல்கட்டிலிருந்து அடுப்பு வந்து இறங்கியது. வார்சினி அதன் மேல் வைத்தது கல்யாண அண்டா. இரண்டு பர்னரையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது அது. எலும்பு, மார்க்கறி, தண்ணீர் எல்லாம் கழுத்துவரைக்கும்.

தணிக்கை அதிகாரி இபு ஹெர்லினா ஒல்லியான பெண்மணி. கான்வாஸ் ஷூ, குடை, முதுகில் பை, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். கூடவே அளவு நாடாவோடு ஒரு இன்ஜினியர். அந்த அம்மா ஃபைலிலிருந்த ஃபோட்டோவை எடுத்து வார்சினி முகத்தோடு ஒப்பிட்டார், அப்புறம் அடுப்போடு ஒப்பிட்டார்.

"அடுப்பு நல்லா எரியுதாம்மா?"

"இன்னிக்கு ரொம்ப நல்லா எரியுதுங்க மேடம்" என்றாள் வார்சினி. அவள் வாயில் பொய் வராது.

அதிகாரி குறித்துக்கொண்டார். குனார்சோ குடையைத் தானே பிடித்துக்கொண்டு, வழியிலுள்ள வாய்க்கால் சுவரைக் காட்டி அழைத்துக்கொண்டு போனார். அவர்கள் முதுகு மறைந்ததும் மார்சுகி சந்திலிருந்து வண்டியோடு பாய்ந்து வந்தான்.

"அக்கா, அடுப்பைக் குடுங்க."

"எலும்பு வேகல."

"அண்டாவை இறக்கி வச்சிடுங்க அக்கா, அப்புறமா வேகட்டும்."

"ராவோனைப் பாதியில இறக்குவாங்களா? அண்ணன் காசு குடுத்து வாங்கின இறைச்சி. அவர் காசை நான் வீணாக்கமாட்டேன்."

மார்சுகி அண்டாவின் ஒரு காதைப் பிடித்து நகர்த்தப் பார்த்தான். விரலை வாயில் வைத்துக்கொண்டு பின்வாங்கினான். விறகு அடுப்புக்கு மாற்றலாமே என்றான். விறகு நனைந்திருக்கிறது என்றாள். அடுப்பை அண்டாவோடு சேர்த்து வண்டியில் ஏற்றலாமா என்று அவன் ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. சலாமுன் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டான். "உக்காருப்பா. மார்க்கறி மெத்துனு ஆகணும்னா நேரம் எடுக்கும்."

அவன் தலைவருக்குப் போன் போட்டான். அங்கே தலைவர், சுவரை அளந்து முடித்த அதிகாரியை வாத்துப் பண்ணைக்கும் உப்பு முட்டைக்கும் திருப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா திரும்பவில்லை. நேரே பட்டியலில் அடுத்திருந்த கஸ்மினா வீட்டுக்குப் போய்விட்டார். கஸ்மினா இட்லி மாதிரி ஒரு அரிசிப் பலகாரம் அவித்து விற்பவள். வெகுளி. அடுப்பு எங்கே என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது.

"இன்னும் வரலைங்க மேடம். வார்சினி கடையில கொதிச்சிட்டிருக்கு. எலும்பு வெந்ததும் வரும். அவசரம்னா நீங்க மொதல்ல மூணாவது வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

இபு ஹெர்லினா சிரிக்கவில்லையாம். மூன்றாவது வீட்டுக்கும் நாலாவது வீட்டுக்கும் அமைதியாகப் போய்விட்டு, நேரே கடைக்குத் திரும்பினார். அதற்குள் ராவோன் வாசனை மில்லைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு தட்டுச் சோறு கேட்டார். முதலில் காசை எண்ணி வைத்தார், அப்புறம்தான் கரண்டியைத் தொட்டார். முழுக்கச் சாப்பிட்டார். பிறகு அந்தச் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மேலே பார்த்தார்.

நாங்களும் கூடவே மேலே பார்த்தோம். அவர் ஃபைலைத் திறந்து மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி என்று பார்த்துக்கொண்டே போனார்.

சலாமுனால் அடக்க முடியவில்லை. "மேடம், இங்க ஒரு வழக்கம் இருக்கு. அந்த நடைபாலம் எங்க இருக்குன்னு நீங்க சொல்லிட்டா, உங்க காபி என் செலவு."

"என் காபிக்கு நான்தான் குடுக்கணும், அது விதி" என்றார் அவர். "பாலத்தை நீங்க காட்டுங்க."

ஊரே கிளம்பியது. கசப்பாற்றங்கரையில் நின்று எல்லோரும் தண்ணீரைப் பார்த்தோம். குனார்சோ தொண்டையைச் செருமிக்கொண்டு, போன மழை வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார். அதிகாரி பரிவோடு கேட்டுக்கொண்டார். வெள்ளம் மேலே இருப்பதைக் கொண்டுபோகும், மண்ணுக்குள் இறக்கிய சிமென்ட் காலை விட்டுவிட்டுத்தானே போகும், அதைக் காட்டுங்கள் என்றார். இன்ஜினியர் செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றில் இறங்கித் தேடினார். சலாமுனின் வாத்துகள் கூடவே நீந்தித் தேடின.

சாயங்காலம், அதிகாரியின் வண்டி போனபிறகு, குனார்சோ தனியாகக் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வார்சினி ஒரு தட்டு ராவோன் வைத்தாள். அவருடைய காசில் வாங்கிய இறைச்சி. அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார், மேலே பார்க்கவில்லை. "உப்பு சரியா இருக்கா அண்ணே?" என்று கேட்டாள். இந்த முறை அவள் குரலில் கேலியும் இல்லை, மரியாதையும் இல்லை. அவர் தலையாட்டினார்.

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று என்னிடம் சொன்னாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு அடுப்பு. பாலம் வரைக்கும் போகும் என்று அவள் நினைக்கவில்லை. ஊர் முழுக்கச் சிரிக்க, அவள் மட்டும் ஒரு வாரம் தெம்பேயைக் கருகவிட்டுக்கொண்டிருந்தாள். கணவன் வழிச் சொந்தம் முகம் கொடுக்கவில்லை. சமீரான் மணல் லாரியோடு வந்து விஷயம் கேட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"இனி அண்ணன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"நான் தினமும் அவர் முகத்துலதான் முழிக்கிறேன். ஸ்டூல்ல ஏறிப் பாரு, பழகிடும்" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். அதற்கப்புறம் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

தணிக்கை அறிக்கை வந்தது. இல்லாத வேலைகளுக்கு எடுத்த பணத்தை ஊர்க் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும், தவறினால் வழக்கு. குனார்சோ மேட்டிலிருந்த கிராம்புத் தோட்டத்தை விற்றுக் கட்டினார். மீதி அடுப்புகள் பதினாலும் ஒரே நாளில் வந்து இறங்கின. லாரி ஒருவழியாக வந்து சேர்ந்தது என்றான் மார்சுகி, கண்ணிமைக்காமல். பாலமும் வந்தது. கைப்பிடி ஒரு பக்கம்தான். மறுபக்கத்துக்கு அடுத்த வருஷ நிதியாம். அப்புறம் வந்த புதுப் பேனரில் தலைவரின் படம் இரட்டிப்பாகவும் எழுத்து எறும்பு அளவிலும் இருந்தது. சலாமுன் கடிகாரக் கடைக்காரனிடம் பூதக்கண்ணாடி இரவல் வாங்கி வந்து அதை வாசித்தான்.

முதல் அடுப்பு வார்சினியிடமே தங்கிவிட்டது. அதனால் அதிகம் கஷ்டப்பட்டவள் சுதார்மிதான். கிராம்பும் போய், அடுப்பும் போய், விறகில் ஊதிக்கொண்டிருந்தாள். ஒரு சுன்னத் விருந்துக்குச் சமையல் ஒப்புக்கொண்டிருந்த சமயத்தில், அவள் வார்சினி கடை வாசலில் வந்து நின்றாள். வார்சினி வாணலியை விறகு அடுப்புக்கு மாற்றிவிட்டு, "ரெண்டு பக்கமும் காலியா இருக்கு அண்ணி" என்றாள். சுதார்மி அங்கேயே மேல்துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு சமைக்க ஆரம்பித்தாள். மசாலா வறுக்கும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய்தான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

நோன்பு முடிந்து லெபாரான் பெருநாள் வந்தது. அன்று இளையவர்கள் மூத்தவர்கள் முன்னால் மண்டியிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வார்சினி போவாளா என்று ஊரில் பந்தயமே நடந்தது. நான் போவாள் என்று கட்டினேன், ஜெயித்தேன். புதுத் துணி கட்டிக்கொண்டு போனாள், மண்டியிட்டாள், சொல்ல வேண்டியதைச் சொன்னாள். குனார்சோ அவள் தலையில் கைவைத்தார். எடுக்காமல் வைத்தபடியே, வழக்கமாகப் பெரியவர்கள் சொல்வதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார்.

"நீயும் என்னைப் பொறுத்துக்க. இது சம்பிரதாயத்துக்குச் சொல்றது இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்போது அவர் இன்னொன்றும் சொன்னார். ஊர் ஆலோசனைக் குழுவில் பெண்களுக்கான இடம் காலியாகிறது, அதற்கு நிற்கிறாயா என்றார். அது பாதி மனம் திருந்திய பேச்சு, பாதி கணக்கு என்று நினைக்கிறேன். வெளியே நின்று பார்ப்பவளை உள்ளே உட்காரவைத்தால் கொஞ்சம் அடங்குவாள் என்று எந்தத் தலைவரும் நினைப்பார். வார்சினி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பிறகு அவள் நின்றபோது, எதிர்த்து நிற்க யாரும் முன்வரவில்லை.

முதல் கூட்டத்துக்கு அவள் கடையை மூடிவிட்டுப் போனாள். ஊர் எல்லை வளைவுக்கு எந்த வண்ணம் அடிப்பது என்பதைப் பற்றியே மூன்று பேர் மாறிமாறிப் பேசியதாகவும், தனக்குத் தூக்கம் சொக்கியதாகவும் வந்து சொன்னாள். நடுவில் எல்லோருக்கும் சிற்றுண்டிப் பெட்டி கொடுத்தார்கள். இலையில் சுருட்டிய ஒட்டரிசி உருண்டை, அடைத்துப் பொரித்த தோஃபு, ஒரு கேக் துண்டு. கூட்டம் முடிந்து செலவுச் சீட்டில் கையெழுத்துக் கேட்டபோது, பெட்டி சுதார்மி சமையல் என்று தெரிந்தது. மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். வார்சினி நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் சந்தைக்குப் போனாள். ஒட்டரிசி என்ன விலை, தோஃபு என்ன விலை, வாழையிலை, அட்டைப்பெட்டி, எல்லாம் கேட்டாள். ஒரு கடைக்காரி அவளிடம் கல்யாணமா என்று விசாரித்தாள். திரும்பி வந்து என் கடை வாசலில் நின்று, விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் கூட்டினாள்.

"பாவம், அண்ணி லாபமே வைக்கல" என்றாள். "அடுத்த தடவை கொஞ்சம் கூட்டிக் கேக்கச் சொல்லணும்."

அப்படியே ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.